லாசாவின் அங்காடித் தெரு

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது திபெத்தின் தலைநகராகிய லாசா. அந்நகரின் நடுவே கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜோகாங் என்னும் பழம்பெருங் கோயில் உளது. அக்கோயிலைச் சுற்றிச் செல்லும் வீதிக்குப் பார்க்கோர் என்று பெயர். 'இடைச்சுற்று' என்பது அச்சொல்லின் பொருள். கோயிலுக்குள்ளே உட்சுற்று ஒன்றும், பழைய நகரம் முழுவதையும் வளைத்துச் செல்லும் புறச்சுற்று ஒன்றும் உண்டு. இரண்டிற்கும் இடைப்பட்டது இது. வைகறையிலேயே அடியார் கூட்டம் இவ்வீதியில் வலம் வரத் தொடங்கிவிடும். முதியோர் கையில் மணியுருளையைச் சுழற்றிக்கொண்டு நடப்பர். தொலைநாட்டுப் புறங்களினின்று வந்தோருட் சிலர் ஒவ்வோர் அடியிலும் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து எழுந்து செல்வர். தூபக் கலங்களில் இடப்பட்ட ஊசியிலைத் தழை புகைந்து மணம் பரப்பும்.

வழிபாட்டு வீதியே வாணிக வீதியுமாக இருப்பது கீழ்த்திசை நாடுகளில் புதுமையன்று. மதுரையிலும் காஞ்சியிலும் கோயிலைச் சூழ்ந்தே கடைவீதிகள் எழுந்தன. பார்க்கோரிலும் அவ்வாறே நேபாளத்து நேவாரரும், காசுமீர வணிகரும், லடாக்கியரும், சீனரும் பல நூற்றாண்டுகளாகக் கடை விரித்திருந்தனர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இவ்வீதியில் அனைவரும் வலமாகவே செல்ல வேண்டுமாதலின், கடந்து வந்த கடையை மீண்டும் நாடும் பத்தியுடையார் திரும்பி நடப்பதில்லை. மற்றொரு சுற்றுச் சுற்றியே அக்கடையை அடைவர். பொருளை வாங்குமுன் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்க்க இதனினும் நல்ல ஏற்பாடு வேறு இல்லை. 2013-ஆம் ஆண்டையொட்டி இவ்வீதியில் நிரல்நிரலாக நின்ற நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டு, அவற்றின் வணிகர் அண்மையில் எழுப்பிய ஒரு கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். வீதியின் இருமருங்கிலும் உள்ள வீட்டுக் கடைகள் நிலைபெற்றுள்ளன.

மருந்துச் சரக்குக் கடையொன்றின் வாயிலில் சாக்குகள் வாய் திறந்து நிற்கும். வேர், பட்டை, உலர்ந்த மலர், பிசின், கல் என அவற்றில் நிறைந்திருப்பன பல. தமிழ்நாட்டினின்று ஒருவர் அங்குச் சென்று எட்டிப் பார்ப்பாராயின், முதலில் அவர் கண்ணிற் படுவது அவர் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் நாள்தோறும் கண்ட பொருள்களே என்பது வியப்பைத் தரும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. சாதிக்காய், கிராம்பு, ஏலக்காய், பேரேலம், குங்குமப்பூ, மூங்கிலுப்பு என்னும் ஆறினையும் திபெத்தியர் 'நல்லன ஆறு' என்று போற்றுவர். திப்பிலியை அவர்கள் பிபிலிங் என்று அழைப்பர். வடமொழியில் பிப்பலி எனப்படும் அச்சரக்கு, பொருளோடு பெயரையும் உடன்கொண்டே மலை ஏறியுள்ளது.

மரம் வளர்வதற்கும் அரிதாகிய அப்பனி நிலத்தில் இவை யாவும் விளைவன அல்ல. தெற்கினின்று கணவாய் வழியாகச் சென்றவை. சரக்குக்கு முன்னரே நூல் சென்றது. வாக்படர் இயற்றிய அட்டாங்க இருதயம் என்னும் ஆயுர்வேத நூல் 11-ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழியில் பெயர்க்கப்பட்டது. அதற்கு அடுத்த நூற்றாண்டில் யுத்தோக் யொந்தென் கொன்போ என்னும் மருத்துவர் பெயரால் வழங்கும் 'நான்கு தந்திரங்கள்' என்ற பெருநூல் உருவாயிற்று. 156 அதிகாரங்களை உடைய அந்நூலே இன்றும் திபெத்திய மருத்துவத்திற்கு அடிப்படை. அந்நூலின் தொடக்கத்தில் மருந்துகளால் சூழப்பட்ட ஒரு நகரம் வருணிக்கப்படுகிறது. அதன் தெற்கே ஞாயிற்றின் ஆற்றல் பெற்ற விந்தமும், வடக்கே திங்களின் ஆற்றல் பெற்ற இமயமும் நிற்கும். மாதுளை, மிளகு, திப்பிலி முதலிய வெப்ப மருந்துகள் விந்தத்தில் விளையும். சந்தனம், கருப்பூரம் முதலிய குளிர்ச்சி மருந்துகள் இமயத்தில் விளையும். கிழக்கு மலை முழுவதும் கடுக்காய்க் காடு. மேற்கில் நிற்கும் மலைக்கு மலயம் என்று பெயர். தென்னாட்டு மலையொன்றின் பெயரைப் பனிநாட்டு மருத்துவ மாணவன் முதற்பாடத்திலேயே கற்கிறான்! நீல நிறத்தினராகத் தீட்டப்படும் மருத்துவப் புத்தரின் வலக்கையில் இருப்பதும் ஒரு கடுக்காயே.

இம்மருந்துகளைக் கற்பித்த பழைய கல்லூரி, லாசாவின் இரும்பு மலையாகிய சாக்போரியின் உச்சியில் இருந்தது. ஐந்தாம் தலாய் லாமாவின் ஆட்சித் துணைவராயிருந்த சாங்கியே கியாத்சோ அதனை 1696-ஆம் ஆண்டில் நிறுவினார். அவர் நூலாசிரியருமாவார். நான்கு தந்திரங்களுக்குத் தாம் எழுதிய உரையை விளக்கும்பொருட்டு, அவர் 79 துணி ஓவியங்களை வரைவித்தார். உடலுறுப்பு, நோய்க்குறி, மூலிகை ஆகியவை அவற்றில் சிறுசிறு உருவங்களாக நெருங்கி நிற்கும். எழுத்தறியாதவனும் அவ்வோவியத்தைக் கண்டு வேரையும் இலையையும் அறிந்துகொள்ளலாம். தெய்வ வடிவங்களைத் தீட்டிய கைகளே செடிகளையும் தீட்டின என்பது நினைக்கத்தக்கது. 1916-ஆம் ஆண்டில் மென்சீகாங் என்னும் மற்றொரு மருத்துவ, வானநூற் கல்லூரி ஜோகாங் கோயிலுக்கு அண்மையில் எழுந்தது. சாக்போரிக் கல்லூரி 1959-ஆம் ஆண்டில் அழிவுற்றது. புலம்பெயர்ந்தோர் 1961-இல் இமாசலப் பிரதேசத்துத் தருமசாலையில் மென்சீகாங் என்ற பெயராலேயே கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினர். 2010-ஆம் ஆண்டில் இந்திய அரசும் இம்மருத்துவத்தைச் 'சோவா ரிக்பா' என்னும் பெயரால் சட்டத்தின் வழி ஏற்றுக்கொண்டது.

அக்கல்லூரிகளில் மூலிகைப் பாடம் ஏட்டோடு முடிவதில்லை. கோடைதோறும் ஆசிரியரும் மாணவரும் மலைக்குச் சென்று கூடாரம் அடித்துத் தங்கி மூலிகை பறிப்பர். குளிர்ச்சி மருந்தாயின் வெயில் படாத சாரலிலும், வெப்ப மருந்தாயின் வெயில் படும் சாரலிலும் பறிக்க வேண்டும். மலருக்கு ஒரு பருவம், வேருக்கு ஒரு பருவம் உண்டு. பறித்தவற்றை வெயிலில் உலர்த்துவதா நிழலில் உலர்த்துவதா என்பதற்கும் விதி உண்டு. பின்னர்த் தேர்வு நடைபெறும். செடிகளை நிரையாக வைத்து ஒவ்வொன்றின் பெயர், சுவை, பயன் ஆகியவற்றைச் சொல்லுமாறு மாணவனைக் கேட்பர். காணாது, முகர்ந்தும் சுவைத்துமே சொல்ல வேண்டிய பகுதியும் பழைய தேர்வில் இருந்தது. தித்திப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்னும் ஆறு சுவைகளும் நாவிற்கு எழுத்துப்போல் பழகிய பின்னரே அவன் மருத்துவனாவான்.

இதனால் ஓர் உண்மை விளங்கும். சாக்கின் வாயிலில் நின்று வேரைக் கையிலெடுத்துப் பார்க்கும் வழிப்போக்கன், மருந்தை வாங்குவதில்லை. மருந்தாகக்கூடிய ஒன்றை வாங்குகிறான். திபெத்திய மருத்துவத்தில் தனி மூலிகை ஒன்றே கொடுக்கப்படுவது அருமை. பல சரக்குகளைத் தூய்மை செய்து, பொடித்து, அளவறிந்து கூட்டி, உருண்டையாக்கி வழங்குவதே பெருவழக்கு. 'மணி மாத்திரை' எனப்படும் சிறப்பு மாத்திரைகள் வண்ணப் பட்டில் பொதிந்து நூலாற் கட்டப்பட்டிருக்கும். அவற்றுட் பலவற்றில் பதப்படுத்திய பாதரசம் சேர்கிறது. பட்டின் அழகைக் கண்டு நினைவுப் பொருளாக வாங்கி உண்ணத்தக்கவை அல்ல அவை.

ஆயினும் அங்காடியில் மக்கள் கூட்டத்தை ஈர்ப்பது ஒரே ஒரு சரக்கு. திபெத்தியர் அதனை யார்ச்சா கும்பு என்பர். 'கோடையிற் புல், மாரியிற் புழு' என்பது அதன் பொருள். நீளம் ஒரு விரலளவு. வெளிறிய மஞ்சள் நிறப் புழுவின் தலையினின்று கரிய குச்சி ஒன்று நீண்டிருக்கும். பண்டை மக்கள் விலங்கு ஒன்று செடியாக மாறியதென எண்ணினர். உண்மையில் இஃது ஒரு பூஞ்சை. 3,000 முதல் 5,000 மீட்டர் வரை உயர்ந்த புல்வெளிகளில் மண்ணுக்கடியில் வாழும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவைப் பற்றி, அதன் உடலையே உணவாகக் கொண்டு, தோலை மட்டும் விட்டுவைக்கிறது. இளவேனிலில் பனி உருகியதும் அப்பூஞ்சையின் தண்டு மண்ணைத் துளைத்து வெளிவரும். 15-ஆம் நூற்றாண்டிலே சுர்க்கார் நியாம்னி தோர்ஜே என்னும் திபெத்திய மருத்துவர் இதனைப் பற்றி எழுதியுள்ளார். எனினும் திபெத்திய மருத்துவத்தில் இதற்கு முதன்மையான இடம் இருந்ததில்லை. சீன நாட்டுச் செல்வர் விரும்பியதாலேயே இது பொன்னுக்கு நிகராயிற்று. 1993-ஆம் ஆண்டில் செருமனியின் ஸ்டட்கார்ட் நகரில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியில் சீனப் பெண்கள் ஓட்டங்களில் வாகை சூடினர். அவர்களுடைய பயிற்சியாளர் இப்பூஞ்சையையும் ஒரு காரணமாகக் கூறினார். அதன்பின் விலை ஏறிக்கொண்டே சென்றது.

மே, சூன் திங்கள்களில் மேட்டுநிலத்துச் சிற்றூர்கள் ஆளின்றிக் கிடக்கும். முதியவரும் சிறுவரும் உட்பட யாவரும் மலையில் தவழ்ந்துகொண்டிருப்பர். புல்லிடையே நூல்போல் தோன்றும் கரிய முனையைக் காணச் சிறுவரின் கண்ணே கூரியது. ஆதலின் அப்பருவத்தில் பள்ளிக்கு விடுமுறை அளிக்கும் ஊர்களும் உண்டு. சிறு கொத்தினால் மண்ணைப் பெயர்த்து, புழு ஒடியாமல் எடுக்க வேண்டும். ஒடிந்தால் விலை வீழ்ந்துவிடும். எடுத்த பின் புற்கரணையைப் பழையபடி பொருத்தி அமுக்குவோர் உள்ளனர்; குழியை அப்படியே விட்டுச் செல்வோரும் உள்ளனர். ஓர் ஆண்டிற்கு வேண்டிய அரிசி, எண்ணெய், துணி, மருத்துவச் செலவு ஆகிய யாவும் பல குடும்பங்களுக்கு அவ்விரு திங்களிலேயே கிடைக்க வேண்டும்.

விற்கும் முறையும் விந்தையானது. வணிகர் இருவர் எதிரெதிர் நின்று, நீண்ட சட்டைக் கையினுள் ஒருவர் விரலை மற்றவர் பற்றி, வாய் திறவாமலே விலை பேசுவர். சூழ நிற்போர்க்கு முகக்குறியன்றி வேறொன்றும் புலனாகாது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டினால் மூடி விரல் பற்றிப் பேசுவதைக் கண்டவர், இரண்டும் ஒன்றே என்று உடனே உணர்வர். பொய்யும் அங்கே உண்டு. எடை கூடும்பொருட்டு உள்ளே கம்பி செருகுவோரும், ஈயப்பொடி ஏற்றுவோரும், மாவைப் புழு வடிவில் அச்சிட்டு விற்போரும் உளர். மெய்யான சரக்கிலும் இடர் இல்லாமலில்லை. அதில் ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருள் வரம்பிற்கு மேல் உள்ளதெனச் சீன அரசின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-ஆம் ஆண்டில் எச்சரித்தது.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று மலைமேல் உளது. பூஞ்சை தன் நுண்வித்துக்களைக் காற்றில் தூவிய பின்னர்ப் புழு உள்ளீடற்றுச் சுருங்கிவிடும். அதனை எவரும் நல்ல விலைக்கு வாங்கார். கெட்டியான புழுவையே வாங்குவோர் கேட்கின்றனர். எனவே வித்துத் தூவுமுன்னரே அது தோண்டப்படுகிறது. அடுத்த ஆண்டின் விளைவுக்கு விடப்படுவது, தேடுவோர் கண்ணுக்குத் தப்பியது மட்டுமே. 2020-ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதனை அழிவுக்கு ஆட்படத்தக்க உயிர்களின் பட்டியலிற் சேர்த்தது.

மூலிகைக் கடையை விட்டுக் கைவினைக் கடைக்குச் செல்வோர், வேறோர் உலகிற்குச் செல்வதாக எண்ண வேண்டுவதில்லை; செடிகள் அங்கேயும் உடன் வருகின்றன. மணமான பெண்கள் இடையில் கட்டும் பாங்தென் என்னும் பலநிறக் கோடிட்ட முன்றானை லாசாவுக்குத் தெற்கேயுள்ள கொங்கார்ப் பகுதியில் நெய்யப்படுகிறது. பழைய முறையில் அதன் சிவப்பு மஞ்சிட்டி வேரிலிருந்து வந்தது. மஞ்சள் நிறம் ரேவல்சின்னியிலிருந்து வந்தது. பழுப்பு, அக்ரோட்டுக் காயின் தோலிலிருந்து வந்தது. மஞ்சிட்டியும் ரேவல்சின்னியும் மருந்துச் சாக்குகளிலும் இருப்பவையே. கியாஞ்சே நகரம் கம்பளத்திற்குப் பெயர் பெற்றது. ஒரு கோலின்மேல் நூலைச் சுற்றிச் சுற்றி வரிசை நிரம்பியதும் கத்தியால் அறுத்துவிடுவது திபெத்திய முடிச்சின் தனி இயல்பு. வேதிச் சாயம் மலிந்த இக்காலத்தில் வேர்ச் சாயக் கம்பளத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

லாசாவுக்கு மேற்கேயுள்ள நியேமோப் பகுதி கைவினைஞர் நிலம். அங்கே காகிதம் செய்வோர், மேய்ச்சல் நிலத்திற்குக் கேடு எனக் கருதப்படும் ஒரு நச்சுச் செடியின் வேரைத் தோண்டி எடுக்கின்றனர். புறத்தோலையும் நடுத்தண்டையும் நீக்கி, எஞ்சிய வெண்ணாரை வேகவைத்து, கல்லால் இடித்துக் கூழாக்கி, நீரில் மிதக்கும் சட்டத்தில் ஊற்றிப் பரப்பி, வெயிலில் உலர்த்துவர். நாரைப் பிரிப்போரின் கைகள் அந்நஞ்சினால் சிவந்து அரிக்கும். ஆனால் அந்நஞ்சே காகிதத்திற்குக் காப்பு. பூச்சியும் எலியும் அதனைத் தீண்டுவதில்லை. மடங்களில் பல நூற்றாண்டுகளாகச் சுவடிகள் அரிபடாமல் இருப்பதற்கு இக்களைச்செடியே காரணம்.

அதே பகுதியில் தூன்பா என்னும் சிற்றூர் ஊதுவத்திக்குப் பெயர் பெற்றது. திபெத்திய எழுத்தை வகுத்தவராகப் போற்றப்படும் தொன்மி சம்போட்டர் பிறந்த ஊர் அது என்பர். ஓடைநீரால் சுழலும் சிறு உருளைகள் கோலொன்றை முன்னும் பின்னும் இழுக்க, கோலின் முனையிற் பொருத்திய சைப்பிரசு மரத்துண்டு கல்மீது இடையறாது தேய்ந்து களியாகும். அக்களியைச் செங்கல்போல் வார்த்து உலர்த்தி, மணமுள்ள மருந்துச் சரக்குகளைக் கூட்டிப் பிசைந்து, கொம்பின் துளை வழியே பிழிந்தால் ஊதுவத்தியாகும். அவ்வோடையில் மீன் இல்லை. உருளைகளில் அகப்பட்டு மீன் மாளலாகாதென்று சம்போட்டரே மீனைத் தடுத்து நிறுத்தினார் என்று ஊரார் கதை சொல்வர்.

மரக்கிண்ணம், வெள்ளி அணி, கத்தி, ஒலிக்கும் வெண்கலக் கிண்ணம், நீலமணி எனக் கடைகளில் வேறு பொருள்களும் பல. வெண்கலக் கிண்ணங்களுட் பல நேபாளத்தில் ஆனவை. மணிகளுட் பல சாயம் ஏற்றியவை. தங்கா எனப்படும் துணி ஓவியத்தில் அச்சிட்டதும் கையாற் தீட்டியதும் அருகருகே தொங்கும். எங்கே செய்தது, யார் செய்தது, எத்தனை நாளில் செய்தது என்று பொறுமையாக வினவுவோர்க்கு நல்ல வணிகர் பொறுமையாகவே விடை கூறுவர். விலையை மட்டும் வினவுவோர்க்கு விலை மட்டுமே விடையாகக் கிடைக்கும்.

வாங்குவோர் விருப்பம் மாறின் அங்காடியும் மாறும் என்பதற்கு இவ்வீதியே ஒரு சான்று கண்டது. விழா நாள்களில் புலித்தோல், சிறுத்தைத்தோல், நீர்நாய்த்தோல் ஆகியவற்றைக் கரையாக வைத்துத் தைத்த அங்கியை அணிவது திபெத்தியரிடையே பெருமைக்குரியதாய் இருந்தது. 2005-ஆம் ஆண்டில்கூட லாசாக் கடைகளில் அத்தோல்கள் வெளிப்படையாக விற்கப்பட்டன. அவற்றுட் பல இந்தியக் காடுகளில் களவாகக் கொல்லப்பட்ட விலங்குகளின் தோல்கள். 2006-ஆம் ஆண்டு சனவரியில், ஆந்திர நாட்டில் கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள அமராவதியில் நடைபெற்ற பெருங்கூட்டத்தில் தலாய் லாமா இவ்வழக்கத்தைக் கடிந்து பேசினார். சில வாரங்களுக்குள் திபெத்தியர் வாழும் ஊர்கள் பலவற்றில் மக்கள் தம் அங்கிகளினின்று தோலைக் கிழித்தெடுத்துத் தெருவில் குவித்து எரித்தனர். பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய தோல்களும் அத்தீயில் வெந்தன. அணிவார் இல்லாமையால் வாங்குவார் குறைந்தனர்.

மூலிகைகளுக்கு அத்தகைய நாள் இன்னும் வரவில்லை. 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட கற்சரிவுகளில் பனித்தாமரை எனப்படும் செடி ஒன்று வளர்கிறது. தாமரை இனத்தைச் சேர்ந்ததன்று அது. உடல் முழுவதும் கம்பளிபோன்ற வெண்மயிர் போர்த்து, பல ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, விதை உதிர்த்து மடியும். பூத்த நிலையிலேயே அதனைப் பறிப்பர். வாங்குவோர் பெரிய பூவையே விரும்புவர். எனவே உயரமானவை விதை உதிர்க்குமுன் கூடைக்குச் செல்ல, குட்டையானவையே விதைக்க எஞ்சின. யுன்னான் மாநிலத்தின் வடமேற்கில் திபெத்தியர் வாழும் மலைகளில் இச்செடியை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் இருவர், உலர்த்திக் காக்கப்பட்ட நூறாண்டுக் காலச் செடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளந்து, 2005-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஆண்டு செல்லச் செல்லச் செடியின் உயரம் குறைந்துகொண்டே வந்துள்ளது. அதனோடு ஒத்த மற்றோர் இனம், விலை போகாத சிற்றினம், சிறிதும் குறையவில்லை. புனிதமெனக் கருதி மக்கள் அரிதாகவே பறிக்கும் சரிவுகளில் மட்டும் பனித்தாமரை இன்னும் உயர்ந்து நிற்கிறது.